மஞ்சள் வைத்த துண்டு

நேற்றுவரை என் பையின் அடியில் ஒரு துண்டு கிடந்தது. கருஞ்சிவப்பு நிறம், ஒரு மூலையில் மஞ்சள் பொட்டு. புற்றுநோயாளிகளின் வீட்டுக்கே போய்ப் புண்ணுக்குக் கட்டுப் போடும் நர்ஸ் நான்.

காசிமேட்டில் மீன் விற்ற ஓர் அம்மாவுக்காக வாங்கியது அது. மார்பில் தொடங்கிய புற்று தோலைப் பிளந்துகொண்டு அக்குள்வரை வந்திருந்தது. பல மாதம் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. "கூடை நாத்தத்துல இது எங்க சிஸ்டர் தெரியப்போவுது? நானும் மீனுன்னே சொல்லிகினு இருந்தேன்" என்று சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. ஒட்டிய துணியை உப்புநீரில் ஊறவைத்து மெல்ல எடுப்பேன். நாற்றத்துக்கு மாத்திரையைப் பொடித்துத் தூவுவேன். ஒரு வாரம் துணியில் கடுகளவு ரத்தம். அடுத்த வாரம் புளியங்கொட்டை அளவு. புண் பெரிய ரத்தக்குழாயை நெருங்குகிறது என்று புரிந்துவிட்டது.

அது உடைந்தால் நிறுத்த முடியாது. அடர்நிறத் துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கூடவே இருக்கலாம், அவ்வளவுதான். வெள்ளைத் துணி என்றால் நோயாளி கடைசியாகப் பார்ப்பது தன் ரத்தத்தைத்தான். இதை அந்த அம்மாவின் மகளிடம் சொல்லியிருக்க வேண்டும். அவளோ, அம்மா அன்று இரண்டு வாய் கஞ்சி குடித்த சந்தோஷத்தில் இருந்தாள். எனக்கு நாக்கு எழவில்லை. "கைக்கெட்டுற இடத்துல வெச்சுக்கோம்மா" என்று துண்டைக் கொடுத்துவிட்டு நழுவினேன். கோழைத்தனம், வேறென்ன?

மூன்றாம் நாள் காலை போன் வந்தது. கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் ஆட்டோ ஊர்ந்து போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அவர்கள் கைக்குக் கிடைத்தது ஒரு வெள்ளை வேட்டி. அந்த அம்மாவின் கண்கள் திறந்தே இருந்தன. அந்தக் கண்களில் இருந்த பயம் என்னால் வந்தது என்று இன்றும் நினைக்கிறேன்.

காரியம் முடிந்தபின் மகள் பீரோவைத் திறந்து துண்டை எடுத்துத் தந்தாள். மடிப்புகூடக் கலையவில்லை. "புதுத் துணியாச்சேன்னு மஞ்ச வெச்சு எடுத்து வெச்சேன் சிஸ்டர். அம்மா நல்லாயி தலைக்கு ஊத்திகினா, மொதல்ல இத்த குடுக்கலாம்னு." என்னை அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

நேற்று எண்ணூரில் ஒரு வீடு. கணவருக்குக் கழுத்தில் புண். கட்டுத் துணியில் கடுகளவு ரத்தம். மனைவியை வாசலுக்கு அழைத்துத் துண்டை எடுத்தேன். "இன்னா சிஸ்டர், புதுத் துண்டெல்லாம்?" என்று அவள் சிரித்தாள். "உக்காரும்மா" என்றேன். ஒன்று விடாமல் சொன்னேன். அவள் வெகுநேரம் அந்த மஞ்சள் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய், துண்டின் மடிப்பைப் பிரித்து உதறி, கணவரின் தலைமாட்டில் வைத்தாள்.