துணிக்கு மட்டும்தான் ஓய்வா?

கடல் இல்லாத ஊரில் உட்கார்ந்து நீச்சலுடை தைக்கிறேன் என்றால் திருப்பூர்க்காரர்களே சிரிக்கிறார்கள். சிரியுங்கள், முதல் வாரம் எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. பனியனில் பழகிய கை என்னுடையது. கணவருக்குத் தார்நாகாவில் ஆய்வுக்கூட வேலை கிடைக்க, ஹைதராபாத் வந்து நாச்சாரத்துக் கம்பெனி ஒன்றில் லைன் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். இங்கே இழுத்தால் நீளும் லைக்ராத் துணி வந்து இறங்கியதும் ஏசி அறையில் தளரப் பரப்பி, ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். அவசரப்பட்டு வெட்டினால் பிறகு அளவு சுருங்கிவிடுமாம். கொடுத்துவைத்த துணி!

அடுத்த அறையில் தைக்கும் என் லைன் பெண்களோ பாத்ரூம் போகவே டோக்கன் வாங்க வேண்டும். லைனுக்கு ஒரே ஒரு பித்தளை வில்லை. போனவள் திரும்பினால்தான் அடுத்தவள் எழலாம். திருப்பூரிலும் இதே கூத்துதான். மெஷினில் உட்கார்ந்த காலத்தில், இதற்குப் பயந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்து நீர்க்கடுப்பில் துடித்திருக்கிறேன்.

போன வாரம் சரிதா, வயிற்றுப்பிள்ளைக்காரி, டோக்கனுக்குக் காத்துக் காத்துப் பார்த்துவிட்டு மெஷினை நிறுத்தி எழுந்தேவிட்டாள். இந்த ஊர் மாரெட்பள்ளியிலேயே பிறந்து வளர்ந்த தமிழரான எங்கள் மேனேஜர் பாய்ந்து வந்தார். அவர் தமிழில் ஹைதராபாத் உருது கலந்திருக்கும்: கூடாது என்பதற்கு ‘நக்கோ’, ஆமாம் என்பதற்கு ‘ஹவ்’.

“டோக்கன் இல்லாம நக்கோ! நாளையிலேந்து வர வேணாம்னு அவகிட்ட சொல்லிடுங்க மேடம்.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “ஏனுங்க சார், துணிக்கு ஒரு நா முழுக்க ரெஸ்ட் குடுக்கறோம். இந்தப் புள்ள எந்திரிச்சுப் போய்ட்டு வரக் கூடாதுங்களா?”

“ஹவ் மேடம், துணி சுருங்கினா பையர் திருப்பி அனுப்பிடுவான்ல?”

“ஆளு சுருங்கினா பரவால்லீங்களா?” என்று கத்தினேன்.

நாங்கள் தமிழில் பேசியது தெலுங்குக்காரப் பெண்களுக்கு விளங்கவில்லை. நானும் சேர்ந்து சரிதாவைத் திட்டுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள்! பக்கத்து மெஷின்காரி எழுந்து, “வத்து அக்கா! மேமு கூடா வெள்தாம்” என்றாள். வேண்டாம் அக்கா, நாங்களும் போகிறோம் என்கிறாள். அவ்வளவுதான், மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அடேயப்பா, அந்த நிசப்தம்! சரிதாவை முன்னால் விட்டு லைன் மொத்தமும் பாத்ரூமுக்கு நடந்தது. நானும் நடந்தேன். முதலாளி இறங்கி வந்து பேசும்வரை யாரும் உட்காரவில்லை. மாலைக்குள் டோக்கன் ஒழிந்தது, சரிதாவின் வேலையும் தப்பியது.

சந்தோஷம் தாங்காமல் பஸ் ஸ்டாப்பிலிருந்தே செல்வியை அழைத்தேன். திருப்பூரில் என் பக்கத்து மெஷினில் இருந்தவள். அன்று அவளுக்கு ஓவர்டைம்.

“சீக்கிரஞ் சொல்லுக்கா. டோக்கன் வாங்கிட்டு வந்து பாத்ரூமுக்குள்ள நின்னுதான் பேசறேன்.”

சொன்னேன்.

“எல்லாருமா எந்திரிச்சாங்க? நெசமாவா?”

அந்தப் பக்கம் யாரோ கதவை இடித்தார்கள். வைத்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் கேட்டது.

“அக்கா, வெச்சிராத. இவகிட்டயும் சொல்லு.”

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். என் பஸ் வந்து நின்று, போயும்விட்டது. நாச்சாரத்து நடுரோட்டில் நின்றுகொண்டு, திருப்பூருக்குக் கேட்கிற மாதிரி உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.