கைப்பிடி மாவு

இங்கே தக்காளி விற்கிற பெண் வாசலுக்கு வந்தால், கூடையை இறக்கி வைத்துவிட்டு மண்டியிட்டுத்தான் தக்காளியை எடுத்துக் கொடுக்கிறாள். முதல் வருஷம் முழுக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. ஓசூரில் நாங்கள் ஆண்டவருக்கு முன்னால் மட்டுமே முழங்கால் போடுகிறவர்கள். தள்ளுவண்டிக்காரரிடம் நின்றபடியே பேரம் பேசி, ரெண்டு பச்சைமிளகாயாவது கொசுறு வாங்காமல் வீட்டுக்குத் திரும்ப மாட்டோம். மலாவியில் பெண்கள் எதைக் கொடுத்தாலும் வாங்கினாலும் முழங்கால் போடுகிறார்கள். அது மரியாதை, அவ்வளவுதான். இப்போது நானும் அப்படியே உட்கார்ந்து வாங்கப் பழகிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் ஓசூரில் ஒரு கம்பெனியில் ஃபிட்டராக இருந்தவர். இங்கே மிஷன் நடத்தும் தொழிற்பள்ளியில் லேத்தும் வெல்டிங்கும் சொல்லிக் கொடுக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கிராமத்துச் சபைகளுக்குப் போய்ப் பிரசங்கம் செய்கிறார். மகள் டெபோராவுக்கு இந்த ஊர்ப் பாஷை எங்கள் இருவரையும்விட நன்றாக வரும். நான் ஓசூரை அடுத்த பாகலூர் அரசுப் பள்ளியில் பத்தாவது வரை படித்தவள். நாலு பேர் நடுவே வாய் திறந்து ஜெபம் பண்ணச் சொன்னால் பின்வரிசைக்கு நழுவிவிடுவேன். மிஷனரியின் மனைவி என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமலேதான் வந்து சேர்ந்தேன். சமைத்தேன், துவைத்தேன், மாலையில் மூன்று பேரும் பாட்டுப் பாடி வேதம் வாசித்தோம். நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனாலும், இந்த ஊருக்கு நான் எதற்கு என்ற கேள்வி உள்ளே இருந்துகொண்டே இருந்தது.

ஓசூரில் எனக்கென்று ஒரு வேலை இருந்தது. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியாகப் போட்டு வைப்பது எங்கள் சபைப் பெண்களின் வழக்கம். சனிக்கிழமை சாயங்காலம் துணிப்பையோடு வீடு வீடாகப் போய் அதைச் சேர்த்து வருவது என் பொறுப்பு. கூச்சக்காரிக்கு ஏற்ற வேலை. கேட் அருகில் போய் நின்றால் போதும், பை நிறைந்துவிடும். திருநெல்வேலி, மதுரை, தர்மபுரி என்று எல்லா ஊர்க்காரர்களும் கம்பெனி வேலைக்கு வந்து குடியிருந்த காலனி அது. எதிர்வீட்டுத் தேனிக்காரம்மா இந்து. அவரும் ஒரு டம்ளர் அரிசியோடு வந்து, "ஏக்கா, உங்க சாமி புழுங்கல் சாப்புடுமா, பச்சரிசிதானா?" என்று சிரிப்பார். கன்னடக்கார வீட்டில் ராகி மாவு நீட்டுவார்கள். எல்லாம் வாங்கிக்கொள்வேன். எங்களைப் போல ஊழியத்துக்கு வெளியூர் போகிறவர்களுக்கும், அக்கம்பக்கத்தில் கஷ்டப்படுகிறவர்களுக்கும் அது போய்ச் சேரும்.

அந்த நினைப்பில்தான் போன வருஷம் ஜனவரியில் அந்தக் காரியத்தைச் செய்தேன். இங்கே எங்கள் சபையில் எஸ்தர் என்று ஒரு விதவை. இரண்டு குழந்தைகள். அந்த மாதம் அவள் முகம் வாடிக் கிடந்தது. அவளுக்காகப் பிடிமாவு சேர்க்கலாம் என்று துணிப்பையை எடுத்துக்கொண்டு நாலைந்து வீட்டு வாசலில் போய் நின்றேன். எனக்குத் தெரிந்த அரைகுறைப் பாஷையில், "ஒரு கைப்பிடி மாவு" என்று மட்டும் கேட்டேன். எதற்கு, யாருக்கு என்று விளக்க வார்த்தையும் இல்லை, தைரியமும் இல்லை. ஓசூரில் யாரும் கேட்டதில்லையே. அவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "நாளைக்கு" என்றார்கள். வெறும் பையோடு திரும்பினேன்.

ஒன்றை நான் யோசிக்கவே இல்லை. இங்கே ஜனவரி மழைக்காலம். வயலில் மக்காச்சோளம் பச்சையாக நிற்கும். வீட்டுக் குதிரில் போன வருஷத்துச் சோளம் தீர்ந்திருக்கும். ஏப்ரலில் அறுப்பு வரும்வரை பல வீடுகளில் ஒருவேளைச் சாப்பாடுதான். அந்த மாதத்தில் கையேந்திப் போய் நின்றிருக்கிறேன்.

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு கிரேஸ் முதலில் வந்தாள். பின்னாலேயே பெண்கள் வரிசையாக வந்தார்கள். துணி மூடிய தட்டுகளில் மாவு. ஒருத்தி பூசணிக்கீரை, ஒருத்தி வேர்க்கடலை. ஒவ்வொருவராக மண்டியிட்டு என் முன்னால் வைத்தார்கள். கிரேஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏதோ சொன்னாள். டெபோரா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அம்மா, நம்ம வீட்ல சோத்துக்கே வழியில்லன்னு நெனச்சிட்டாங்க. அப்பா வேற மிஷின் வாங்க டவுனுக்குப் போயிருக்காரா, உன்ன பட்டினி போட்டுட்டுப் போயிட்டாருன்னு திட்டறாங்க."

கடைசியாக வந்தது எஸ்தர். அவள் தட்டில் அரைத்தட்டு மாவு இருந்தது. யாருக்காகக் கேட்டேனோ, அவளே தன் பிள்ளைகளின் சட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் முழங்கால் போட்டிருக்கிறாள். திருப்பிக் கொடுத்தால் அவமானப்படுத்துவதாகும். வைத்துக்கொண்டால் அந்தப் பிள்ளைகளின் வாயிலிருந்து பிடுங்குவதாகும்.

"டெபி, எல்லாரையும் உக்காரச் சொல்லு," என்றேன். "யாரும் போவக்கூடாது. இங்கதான் சாப்பாடு."

எங்கள் ஓசூர் சபையில் பண்டிகைக்கு எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவதை அசனம் என்போம். எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். வந்த மாவோடு வீட்டில் இருந்த மாவையும் சேர்த்துப் பெரிய பானையில் கொதிக்க வைத்தேன். இவர்கள் சாப்பிடும் என்சிமாவும் நம் களியும் ஒன்றுதான், தானியம்தான் வேறு. ஆனால் நான் ராகிக்களி மாதிரி உருண்டை பிடித்ததும் ஒரே சிரிப்பு. கிரேஸ் என் கையிலிருந்த துடுப்பைப் பிடுங்கிக்கொண்டு, "பந்தா விளையாடப் போகிறோம்?" என்று கேட்டாள். பிள்ளைகளும் வந்தார்கள். எல்லோரும் வயிறு நிறையச் சாப்பிட்டார்கள். எஸ்தரின் சின்னவன் இரண்டு முறை வாங்கிக்கொண்டான்.

சாப்பிட்டபின் எழுந்து நின்று, எங்கள் ஊர்ப் பிடியரிசி வழக்கத்தைச் சொன்னேன். எஸ்தர் பெயரைச் சொல்லவில்லை. பாதித் தமிழ், பாதி அவர்கள் பாஷை, மீதி டெபோரா. அத்தனை பேர் முன்னால் நான் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். பெண்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். கிரேஸ் மட்டும் சிரிக்கவில்லை.

"உனக்கு வயல் எங்கே?" என்று கேட்டாள்.

"வயல் இல்லை."

"அதனால்தான் நாங்கள் நம்பினோம். மழைக்காலத்தில் வயல் இல்லாத வீடு எதைச் சாப்பிடும்?"

பாகலூரில் எங்களுக்கும் நிலம் இருந்தது, அப்பா காலத்திலேயே பிளாட் போட்டு விற்றாயிற்று, அப்புறம் கடை அரிசிதான் என்று சொல்ல இந்தப் பாஷையில் எனக்கு வார்த்தை இல்லை. அந்த வருஷம் நவம்பரில் மழைக்கு முன்னால் அவர்களே மண்வெட்டிகளோடு வந்துவிட்டார்கள். வீட்டுக்குப் பின்னால் கரை கரையாக மண்ணை ஏற்றி, விதை போட எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். எஸ்தர் என் கை வேகம் போதாது என்று அதட்டினாள். அறுப்புக்குப் பிறகு பிடிமாவு சேர்ப்போம், பஞ்ச மாதத்துக்கு ஆகும் என்று கிரேஸ் முடிவு செய்திருக்கிறாள். பை என்னுடையதுதான்.

போன வாரம் பாகலூரிலிருந்து நாத்தனார் ஜெயா வீடியோவில் கூப்பிட்டாள். வயலுக்குள் சிக்னல் நன்றாகக் கிடைக்கும் என்பதால் போனோடு உள்ளே நடந்தேன். அவள் மாடியில் நின்றிருந்தாள். பின்னால் லாரிகள், கம்பெனிக் கூரைகள், நடுவே எஞ்சிய ஒரு துண்டு ராகிக் கொல்லை.

"எப்ப வர்றீங்க அண்ணி? மிஷன்ல சொன்ன வருஷக் கணக்கு முடியுதில்ல? உங்க ரூமக்கூட பெருக்கி வெச்சிருக்கேன்."

"வரணும் ஜெயா."

"வரணும்னா? தேதி சொல்லுங்க. ஐயோ, எங்க போனீங்க? ஆளையே காணோம், ஒரே சோளத்தட்டா கெடக்குது!"

என் தலைக்கு மேலே சோளம் வளர்ந்திருந்தது. கதிர்களுக்கு மேலே கையை உயர்த்தி, அவளுக்குத் தெரியும்படி ஆட்டினேன்.