முருகன் சன்னலுக்கு வந்த வெள்ளிக்கிழமை

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில், பக்கத்து வீட்டுச் சீனத்து அக்கா தந்த கொடியை வீட்டுக்குள்ளே சன்னலோரம் வளர்த்தேன். வெறும் இலைதான் விட்டது. "கீரை நட்டிருந்தா கொழம்புக்காச்சும் ஆயிருக்கும்," என்பார் மாமியார்.

ஒரு வெள்ளிக்கிழமை, மெழுகில் செய்ததுபோல் கொத்தாகப் பூத்துவிட்டது! மாமியார் முருகன் படத்துக்கு வைக்கக் காம்போடு கிள்ளப் போனார். சன்னல் வழியே பார்த்த அக்கா அலறினார்:

"ஜாங்கான், வேணாம் அம்மா! காம்பு உடைச்சா மறுபடி பூ இல்லேலா!"

எனக்குப் பதறியது. சாமிக்குப் பறிக்கிற கையை மருமகள் தடுக்கலாமா?

மாமியார் பூவைப் பார்த்தார். உள்ளே போய், ஆணியிலிருந்த முருகனைக் கழற்றிவந்து பூவுக்கடியில் வைத்தார்.

"அது வராட்டி என்ன? இவரு வரட்டும்!"

அதே காம்பு பூக்கும்போதெல்லாம் முருகன் சன்னலுக்கு வந்துவிடுவார். அப்படி ஒரு மாமியார் யாருக்குக் கிடைப்பார், சொல்லுங்கள்!