ஈல்டாக்கா நின்ற கரை

போன வாரம் செங்கல்பட்டு ரயிலில் வந்துகொண்டிருந்தபோது கைப்பேசியில் ஒரு விளம்பரம். கல்லூரிக் காலத்தில் நாங்கள் ஆடிய வீடியோ கேமைப் புதுப்பித்து வெளியிடுகிறார்களாம். 'இனி நினைத்த இடத்தில் சேமிக்கலாம், எத்தனை முறை வேண்டுமானாலும்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். கைப்பேசியைக் கவிழ்த்து மடியில் வைத்தேன். ரயில் அப்போது பொத்தேரியில் நின்றிருந்தது.

பொத்தேரி என்றால் எனக்குச் சூடேறிய லேப்டாப்பில் தூசி கருகும் வாசனைதான். மொட்டை மாடி அறையில் நானும் எட்வினும் இருந்தோம். நான் படாளத்து விவசாய வீட்டுப் பையன். அவன் சதுரங்கப்பட்டினம், கோட்டைக்குப் பின்னால் வீடு. அப்பா இல்லை, அம்மா பள்ளிக்கூடத்தில் ஆயா. லேப்டாப் என்னுடையது. ஆடுகிற கை அவனுடையது, நான் வெறும் வாய்.

வாய் என்றால் நிஜமாகவே வாய்தான். அந்த விளையாட்டில் வாளைவிடப் பேச்சு அதிகம். எறும்பு சைஸ் ஆங்கில எழுத்து, யோசிப்பதற்குள் பதில் சொல்லியாக வேண்டும். தமிழ் மீடியத்தில் படித்த எட்வினுக்கு அது ஓடாது. நான் படித்துத் தமிழில் சொல்வேன், அவன் பட்டனைத் தட்டுவான்.

குறை சொல்ல ஆரம்பித்தால் நிறைய உண்டு. லோடு ஆவதற்குள் கீழே போய் டீ குடித்துவிட்டு வரலாம். நாலு ஜோடி பூட்ஸ் கூடுதலாக எடுத்தால் நாம் ஆட்டுகிற மாவீரன் நடக்க முடியாமல் நின்றுவிடுவான். குதிரை வேலியில் சிக்கிக்கொள்ளும். எல்லாவற்றையும்விட மோசம், சேமிப்பு ஒன்றே ஒன்றுதான். அதையும் நம்மைக் கேட்காமல் அதுவே செய்துகொள்ளும். திரையின் மூலையில் ஒரு இறகுப் பேனா சுழன்றால் முடிந்தது, பழைய இடத்துக்குத் திரும்ப முடியாது. ஆனாலும் விடமுடியவில்லை. முதல் ஊரில் ஒரு கிழவனிடம் சொன்ன பொய்யை ஒரு மாதம் கழித்து இன்னொரு ஊரில் அவன் மகள் கேட்பாள். அப்படி ஒரு கதை.

அதில் கூடவே வருகிற நொண்டிச் சிப்பாய் ஒருத்தி, பெயர் ஈல்டா. முகம் கொடுத்துப் பேசாதவள், பேசினாலும் அரசாங்க நோட்டீஸ் மாதிரி பேசுவாள். நான் சோம்பேறி. அவளுடைய பத்து வரியைச் சுருக்கி, "டேய் தம்பி, பாத்து நட, வழுக்கும்" என்று விட்டுவிடுவேன்.

"சரிக்கா," என்பான் எட்வின், திரையைப் பார்த்து. எனக்குச் சிரிப்பு தாங்காது. சில நாளில் பார்த்தால் நல்ல கவசத்தையெல்லாம் அவளுக்குப் போட்டுவிட்டுத் தான் கிழிந்ததோடு சுற்றிக்கொண்டிருந்தான்.

கடைசியில் ஒரு படகுத்துறை வரும். படகேறினால் ஈல்டா திரும்பமாட்டாள். இதை இணையத்தில் படித்துவிட்டு நான்தான் உளறினேன். அதோடு எட்வின் படகேறவில்லை. இரண்டு மாதம் கரையிலேயே மூலிகை பறித்துக்கொண்டிருந்தான்.

"ஏறித் தொலடா, பேஜாரா கீது," என்றேன்.

"இன்னா அவசரம் மச்சான்? அக்கா நிக்கட்டும்."

ஒரு சனிக்கிழமை மத்தியானம் பைக்கில் ஊருக்குக் கிளம்பினான். "நான் வர்ற வரிக்கும் தொடாத மச்சான்," என்று படியிலிருந்து கத்தினான். பூஞ்சேரி தாண்டி ஒரு மணல் லாரி. அவ்வளவுதான், எட்வின் வரவில்லை.

நாற்பத்தோராம் நாள் ஜெபத்துக்குப் போனபோது அவன் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"வூட்டுக்கு வந்தா அக்கா அக்கான்னு எதையோ சொல்லிகினே இருப்பான். எனுக்கு அவன் ஒரே புள்ள. யாருப்பா அந்த அக்கா?"

பையில் லேப்டாப் இருந்தது. திறந்து காட்டினேன். பனிமூட்டமான கரை. கிழிந்த கவசத்தோடு அவன் ஆள் நின்றிருந்தான், பக்கத்தில் ஈல்டா. அம்மா விரலால் திரையைத் தொட்டார்.

"இதான் அவனா? நடப்பானா? நடக்கறதக் காமிப்பா."

நான் அதுவரை அதை ஆடியதே இல்லை. அவன் தட்டுவதைப் பார்த்திருந்தேன், அவ்வளவுதான். ஒரு பட்டனை அழுத்தினேன். நாலடி நடந்து நேராகப் படகுப் பலகைமேல் ஏறிவிட்டான். ஈல்டாவும் நொண்டிக்கொண்டே ஏறினாள். கயிறு அவிழ்ந்தது. மூலையில் இறகுப் பேனா சுழன்றது.

கண்ட பட்டனையெல்லாம் அழுத்தினேன். படகு நிற்கவில்லை. ஈல்டா திரும்பிப் பேசினாள். 'இந்தப் படகு திரும்பி வராது. அது தெரிந்துதான் நீ ஏறினாய்' என்று எழுத்து ஓடியது.

"இன்னா சொல்லுது அந்தப் பொண்ணு?"

வாய் பழகிய வேலையைச் செய்தது. "சீக்கிரம் கரைக்கு வந்துடுவோம், சோறு எடுத்து வையுன்றாங்கம்மா."

அம்மா படகு மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரிம்மா," என்றார், திரையிடம்.

பொத்தேரியில் அந்த மாடியை இடித்து ஹாஸ்டல் கட்டிவிட்டார்கள். லேப்டாப் எப்போதோ செத்துவிட்டது. சதுரங்கப்பட்டினத்துக்கு அப்புறம் நான் போகவில்லை, எனக்குப் பயம். எத்தனை முறை வேண்டுமானாலும் சேமிக்கலாமாம் இப்போது. அவன் என்னிடம் தொடாதே என்று விட்டுப்போனது ஒரே ஒரு இடம். அதுவும் என் கையால்தான் போயிற்று.