புது ரயிலுக்கு அழுக்குப் பூசியவன்

தட்டான் பழைய நகையைப் புதுசாக்கித் தருவான், தையற்காரன் கிழிந்த சட்டையைப் புதுசாக்கித் தருவான். புதுசைப் பழசாக்கித் தந்து சோறு சாப்பிட்டவன் பினாங்கில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சீமையிலிருந்து கப்பலில் வரும் பொம்மை ரயில் பெட்டிகளுக்குக் கரியும் துருவும் புழுதியும் பூசி, பல வருஷம் ஓடிக் களைத்த பெட்டிகள் மாதிரி ஆக்கித் தருவது என் தொழில். பெண் கேட்கப் போன இடத்தில் "மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாமல் காப்பி டம்ளருக்குள் முகத்தை மறைத்தவர்கள் உங்களில் நிச்சயம் இருப்பார்கள். என் கஷ்டம் அவர்களுக்குப் புரியும். மற்றவர்கள் சும்மா சிரித்துவிட்டுப் போங்கள்.

வெள்ளைக் கைக்குட்டை

சூலியா தெருவில் ராவுத்தர் ஒருவரின் கடையில் போர்டு எழுதிக்கொண்டிருந்தேன். ஆயர் ஈத்தாம் சாலையில் பங்களா வைத்திருந்த ஒரு துரை, பெயிண்டர் வேண்டும் என்று ஆள் அனுப்பினார். ரயில்வேயில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் திரும்ப மனசில்லை. நம் தீவிலோ ரயில் கிடையாது. ரயிலைக் கண்ணால் பார்க்கவே ஃபெரி ஏறி அக்கரையிலுள்ள பிறைக்குப் போகவேண்டும். அதனால் மனிதர் வராந்தா முழுக்கத் தண்டவாளம் போட்டு, முழங்கை நீளத்துக்குப் பெட்டிகளை வரவழைத்து, தானே விசில் ஊதி, தானே கொடி காட்டிக்கொண்டிருந்தார். தண்டவாளக் கூலிகளிடம் கற்ற தமிழ் அவருடையது. மாஜிஸ்திரேட் வந்தாலும் "வாடா" என்றுதான் தமிழில் வரவேற்பார். மாஜிஸ்திரேட்டுக்குத் தமிழ் தெரியாதது எல்லோருக்கும் நல்லதாய்ப் போயிற்று.

பெட்டிகளைப் பழசாக்கச் சொன்னார். நான் கறுப்பும் பழுப்புமாகச் சாயம் அடித்து, அழியாமல் இருக்க மேலே வார்னிஷும் பூசிப் பெருமையாக நீட்டினேன். துரை சட்டைப் பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்துப் பெட்டியின் மேல் ஒரு இழு இழுத்தார். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. அதை என் மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு சொன்னார்: "டேய், இது ரயில் பெட்டியா, பவுடர் போட்ட பொண்ணா? என் கைக்குட்டை கறுக்கணும், அப்பத்தான் உனக்குக் கூலி."

பிறையில் அழுக்குப் பாடம்

அதிலிருந்து நான் வார்னிஷைத் தொடவில்லை. தொட்டால் கையில் ஒட்டுகிற அசல் அழுக்கு எப்படி இருக்கும் என்று பார்த்துவரத் துரையே என்னைப் பிறைக்கு அனுப்பினார். ரயில் யார்டில் ஒரு பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து, ஜன்னலுக்குக் கீழே மழைநீர் வழிந்த கோடுகளைப் படம் வரைந்துகொண்டிருந்தேன். பாதிப் படம்தான் ஆகியிருக்கும், ஒரு கூட்டம் வாளியும் தேங்காய் நாருமாக வந்து அந்தக் கோடுகளைத் தேய்த்துக் கழுவிவிட்டது. அடுத்த பெட்டிக்கு நகர்ந்தேன். அங்கேயும் வந்தார்கள். நான் முன்னே ஓட, அவர்கள் பின்னால் கழுவிக்கொண்டே வர, யார்டின் கடைசிவரை போய்விட்டோம்.

கூட்டத்தை வேலை வாங்குகிற மண்டோர் மாரிமுத்து என்பவர். தோளில் துண்டு, நெற்றியில் பட்டை, பெட்டியின் கூரையிலிருந்து சக்கரம்வரை வரிசை தப்பாமல் கழுவ வைக்கிற கண். கொஞ்சம் அழுக்கை விட்டுவையுங்கள் என்று அவரிடமே போய்க் கெஞ்சினேன். அவர் அடுத்த பெட்டிக்கு வாளியைக் கொண்டுவரச் சொன்னார். அப்பாவுக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுவந்த அவர் மகள் தனம்தான் பக்கத்தில் நின்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குக் கல்யாண ஆசை வந்துவிட்டது, இதில் மறைக்க ஒன்றும் இல்லை. அவள் அப்பாவிடம் கேட்டாள்: "ஏம்ப்பா, அந்த ஓரத்துல கொஞ்சம் அழுக்கு விட்டாத்தான் என்னவாம், பாவம், அழுதிடுவாரு போலருக்கு."

கரி வேட்டை

கரியில் எத்தனை ஜாதி என்று உங்களுக்குத் தெரியாது. விளக்குக் கரி கூரைக்கு ஆகும். பெட்டியின் அடிப்பாகத்துக்கு எண்ணெய்ப் பசையுள்ள சட்டிக் கரிதான் சரி. சூலியா தெருச் சோற்றுக்கடை ஒன்றின் பின்பக்கம் போய், கறிச்சட்டியின் அடியைச் சுரண்டிக் காகிதத்தில் மடித்துக்கொண்டு வருவேன். நாலைந்து தடவை போனதும் தெருவில் பேச்சு கிளம்பிவிட்டது. போர்டு எழுதுகிறவன் கரி சேர்க்கிறான், பிறையிலிருந்து துருப்பிடித்த ஆணி கொண்டுவருகிறான், ஆயர் ஈத்தாமில் செம்மண் தோண்டுகிறான். இது செய்வினை இல்லாமல் வேறென்ன என்றார்கள். எதிரே வந்தவர்கள் சாலையின் அந்தப் பக்கம் போனார்கள்.

கடைசியில் சோற்றுக்கடைச் சமையல்காரர் என்னை வழிமறித்தார். பொம்மை ரயிலுக்குப் பூச என்று உண்மையைச் சொன்னேன். இதைவிட நம்பும்படியான பொய் ஒன்று சொல்லியிருக்கலாம் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. பெரிய சட்டியைத் தானே கவிழ்த்துக் காகிதம் நிறையச் சுரண்டிக் கொடுத்தார். காதருகே குனிந்து சொன்னார்: "யாருக்குன்னு கேக்கல தம்பி, ஆனா அடுத்த கடைக்காரனுக்கும் சேர்த்து வச்சிடுலா."

பெண் கேட்கப் போனது

அக்காவையும் அத்தானையும் கூட்டிக்கொண்டு பிறைக்குப் பெண் கேட்கப் போனேன். அதற்குள் மாரிமுத்து மாமா ஓய்வு பெற்றிருந்தார். வீடு பளபளவென்று இருந்தது. வாசல் கழுவி, சுவர் கழுவி, பக்கத்து வீட்டுக்காரரின் சைக்கிளையும் கழுவி வைத்திருந்தார். ஓர் ஆடு ஈரமாக நின்றது. கழுவ ஒன்றும் பாக்கியில்லாமல் மாமா கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

அத்தான் என் வேலையைப் பற்றி 'ரயில் சம்பந்தமான உத்தியோகம்' என்று நாசூக்காக ஆரம்பித்தார். மாமா விடவில்லை, கேட்டுக் கேட்டு விஷயத்தை வாங்கிவிட்டார். பிறகு தன் கதையைச் சொன்னார். அவர் காலத்தில் ஓர் அதிகாரி இருந்தாராம். கழுவின பெட்டியை வெள்ளைக் கைக்குட்டையால் இழுத்துப் பார்ப்பாராம். துளி கறை விழுந்தாலும் மொத்தப் பெட்டியும் மறுபடி கழுவவேண்டும். கறை விழாவிட்டால் ஒன்றும் சொல்லாமல் அடுத்த பெட்டிக்குப் போய்விடுவார். 'நல்லாயிருக்கு' என்ற ஒரு வார்த்தை கடைசிவரை அவர் வாயிலிருந்து வரவில்லையாம்.

அந்தக் கைக்குட்டையை எனக்கு நன்றாகத் தெரியும். காப்பி டம்ளருக்குள் முகத்தை மறைத்துக்கொண்டேன். மாமா எழுந்து, நான் உட்கார்ந்திருந்த பாயைத் திருப்பிப் பார்த்தார், கரி ஒட்டியிருக்கிறதா என்று. அப்புறம் அக்காவைப் பார்த்துச் சொன்னார்: "ஆயுசு பூரா நான் கழுவினதை இவன் அழுக்காக்கிச் சம்பாதிப்பான், அவனுக்கு நான் பொண்ணு குடுக்கணுமா? வேற வேலை பாக்கச் சொல்லுங்க, அப்புறம் பேசலாம்."

கருவாட்டு வேகன்

வேறு வேலை தேடும் யோசனையில் இருந்தபோதுதான் துரைக்குக் கருவாடு ஏற்றும் வேகன் ஒன்று வேண்டியிருந்தது. அந்த எண்ணெய்க் கறையின் நிறம் எந்தச் சாயத்திலும் வரவில்லை. கடைசியில் இறாலைப் புளிக்கவைத்து அரைத்த பெலாச்சானைக் கரைத்துப் பூசினேன். நிறம் அப்படியே வந்தது. வாசனையும் வந்தது. துரை முகர்ந்து பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு, பழைய நாளெல்லாம் ஞாபகம் வருகிறது என்றார்.

மறுநாள் துரை வீட்டில் தேநீர் விருந்து. சீமாட்டிகள் வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்திருக்க, துரை கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ரயிலைக் கிளப்பப் பார்த்தார். இன்ஜின் அசையவில்லை. சாவி கொடுத்துப் பார்த்தார், உதைத்தும் பார்த்தார். அப்போது குசினிப் பக்கத்திலிருந்து பங்களாச் சமையல்காரரின் பூனை நிதானமாக வந்தது. கருவாட்டு வேகனைக் கவ்விக் கொக்கியோடு பிடுங்கி, படியிறங்கி ரோஜாச் செடிகளுக்குள் இழுத்துக்கொண்டு போனது. என் வேலை இன்றோடு போயிற்று, தனத்தின் அப்பாவுக்கு நிம்மதி என்று நினைத்துக்கொண்டேன். துரை கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மூடினார்: "இந்த லைன்ல இன்னிக்கு நேரத்துக்குக் கிளம்புனது அது ஒன்னுதாண்டா."

தவுக்கேயின் இரண்டு பக்கம்

ஆயர் ஈத்தாம் சந்தையருகே கிராம்பு வியாபாரம் செய்த சீன முதலாளியான தவுக்கே ஒருவர், துரையின் தயவு வேண்டி அதே மாதிரி ரயில் வாங்கினார். என்னைக் கூப்பிட்டுப் பெட்டிகள் சுத்தமாக இருக்கவேண்டும், அழுக்குப் பெட்டி வீட்டுக்கு ஆகாது என்று அவர் அம்மா சொல்வதாகச் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. சுத்தமான ரயில் வேலை! உடனே அக்கா மூலம் பிறைக்குச் சேதி அனுப்பிவிட்டேன்.

மறுநாளே தவுக்கே மனசு மாறினார். சுத்தமான ரயிலைப் பார்த்தால் துரை சிரிப்பாரே என்று பயம். இரண்டு நாள் தூங்காமல் யோசித்து அவரே வழி கண்டுபிடித்தார். தண்டவாளம் வட்டம். அம்மாவின் நாற்காலி வட்டத்துக்கு வெளியே. துரையின் நாற்காலி வட்டத்துக்கு நடுவே. ஆகவே ஒவ்வொரு பெட்டிக்கும் வெளிப்பக்கம் பளபளப்பு, உட்பக்கம் அழுக்கு. அப்படியே செய்து கொடுத்தேன். அம்மா ஒரு பக்கம் தலையாட்டினார், துரை நடுவில் உட்கார்ந்து தலையாட்டினார், இருவரும் ஒருவரையொருவர் பார்த்து ரசனையை மெச்சிக்கொண்டார்கள். பிறைக்குப் போய் இதைத் தனத்திடம் வேலியோரமாகச் சொன்னேன். அவள் சிரிக்காமல் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "ஒரு பக்கந்தான் சுத்தம்னா எங்கப்பா பாதிக் கல்யாணத்துக்குத்தான் சம்மதிப்பாரு. நீங்க அவரை வரச்சொல்லி உங்க வேலையை முழுசாக் காட்டிடுங்க."

மாமா ஃபெரி ஏறினார்

அவளே அப்பாவைச் சம்மதிக்க வைத்தாள். துரை கிளப்புக்குப் போகும் நாளாகப் பார்த்து மாமாவை வரச்சொன்னேன். கைக்குட்டைக்காரர் துரைதான் என்று மாமாவுக்குத் தெரிந்தால் காரியம் கெட்டுவிடும். அன்று சாயங்காலம் துரையின் பழைய ரயில்வே நண்பர்கள் வருவதாக இருந்தது. பிறை யார்டைவிட அழுக்கான ரயிலைக் காட்டுகிறேன் என்று அவர்களிடம் வீம்பு பேசியிருந்தார். அதற்காகப் பல நாள் பாடுபட்டு ஒரு ரயிலையே கரியில் புரட்டி வைத்திருந்தேன். மாமா பெட்டிகளைக் குனிந்து பார்த்தார். தூசியைப் பார்த்தார், துருவைப் பார்த்தார், வழிந்த கோடுகளைப் பார்த்தார். தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டார். அதை நான் கவனித்திருக்கவேண்டும். நானோ அவருக்குக் காப்பி கொண்டுவரக் குசினிக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது வராந்தாவில் ஒரே தண்ணீர். பூந்தொட்டிக்கு வைத்திருந்த வாளியும் தோள் துண்டுமாக மாமா கடைசிப் பெட்டியில் இருந்தார். கூரையிலிருந்து சக்கரம்வரை, வரிசை தப்பாமல். மற்ற பெட்டிகளெல்லாம் கடையிலிருந்து வந்த அன்றுபோல மின்னின. வேலையும் போயிற்று, பெண்ணும் போனாள். அப்போதுதான் வாசலில் காரின் சத்தம். நண்பர்களுக்கு முன்பே துரை கிளப்பிலிருந்து வந்துவிட்டார்.

மாமா திரும்பிப் பார்த்தார். வாளியை விட்டுவிட்டு, பழைய நாளில் யார்டில் நிற்பது மாதிரி ரயிலின் கோடியில் போய் விறைத்து நின்றார். துரையும் மாமாவை அடையாளம் கண்டுகொண்டார். என்னைப் பார்க்கவே இல்லை. கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. வெள்ளைக் கைக்குட்டையை எடுத்தார். முதல் பெட்டியிலிருந்து கடைசிப் பெட்டிவரை குனிந்து இழுத்துக்கொண்டே வந்தார், மாமாவின் முன்னால் நிமிர்ந்தார், கைக்குட்டையை விரித்துப் பார்த்தார். ஒரு புள்ளி இல்லை. துரை தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நல்லாயிருக்குடா மண்டோர்" என்றார்.

மாமா அழுதுவிட்டார். நனைந்த துண்டாலேயே கண்ணைத் துடைத்தார். துரைக்கும் என்னவோ செய்தது, தோட்டத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அப்புறம்தான் நண்பர்கள் வரப்போவது அவருக்கு ஞாபகம் வந்தது. உடனே எல்லாவற்றையும் மறுபடி அழுக்காக்கு என்று என்னைப் பார்த்துக் கத்தினார். நான் மாமாவைப் பார்த்தேன். மாமாவோ வாளியை எனக்கு வழிவிட்டு ஓரமாக நகர்த்தி வைத்து, கரிப் பொட்டலத்தைத் தானே எடுத்துக் கொடுத்தார். நான் பூசப் பூச, ஒரு மூலையைக்கூட விடாமல் பூசும்படிச் சொல்லிக்கொண்டே பக்கத்தில் நின்றார். நாளைக் காலை முதல் ஃபெரியில் வந்து கழுவுவதாகத் துரையிடம் கேட்டு அனுமதியும் வாங்கிக்கொண்டார்.

வழியனுப்பத் துறைக்குப் போனேன். மாமாவின் முகம் கழுவின பெட்டி மாதிரி இருந்தது. ஃபெரியில் கால் வைத்தபிறகு திரும்பிச் சொன்னார்: "வேலையை மாத்திடாதீங்க மாப்பிள்ளை. நீங்க அழுக்காக்குனாத்தான எனக்குக் கழுவ ஏதாச்சும் இருக்கும். தை மாசம் வச்சிக்கலாம்."

இன்றுவரை நான் பகலெல்லாம் பூசுகிறேன், மாமா காலையில் வந்து கழுவுகிறார், அந்த ரயிலோ வராந்தாவை விட்டு ஓர் அடி நகராமலேயே எங்கள் குடும்பத்தை இழுத்துக்கொண்டு போகிறது.