உக்கிரபாண்டியின் பல்லாங்குழி

"தொழில்வழிச் சிகிச்சை உதவியாளர் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவராகவும், ஏதேனும் ஒரு கைத்தொழில் பயின்றவராகவும், இன்சொல்லும் குன்றாத நேர்மையும் உடையவராகவும் இருத்தல் வேண்டும்."

1964இல் விருதுநகரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி இப்படி விளம்பரம் செய்தது. சென்னையிலிருந்து வந்த ஒரே விண்ணப்பதாரர் சித்திரை வெயிலைப் பார்த்துவிட்டு அடுத்த ரயிலுக்கே திரும்பிவிட்டார். ஆகவே ஸ்டிரெச்சர் தள்ளிக்கொண்டிருந்த ஆமத்தூர் உக்கிரபாண்டிக்கு அந்த வேலை வந்தது. ஐந்தாம் வகுப்பு அவரைத் தாங்கவில்லை. அவர் அறிந்த கைத்தொழில், சீட்டாட்டத்தில் சீட்டை ஒளிப்பது.

அந்த ஆடியில், நாரணாபுரம் பட்டாசுக் கம்பெனியில் வலது கை வெந்த செல்லத்தாய்க்குக் கட்டுப் பிரித்தார்கள். வலிக்குப் பயந்து அவள் விரலை அசைக்கவே இல்லை. மாதக் கடைசிக்குள் அசைக்காவிட்டால் கை அப்படியே இறுகிவிடும், அப்புறம் திரி முறுக்கவும் சோறு பிசையவும் ஆகாது என்று டாக்டர் சீனிவாசகம் எச்சரித்தார். பயிற்சிக்கென்று வாங்கிய மரக்கட்டைகளை அவள் தள்ளிவிட்டாள்.

"நான் என்ன தொட்டில் புள்ளையாண்ணே?"

உக்கிரபாண்டி பல்லாங்குழியையும் ஒரு படி புளியமுத்தையும் கொண்டுவந்து வைத்தார்.

"வெந்த கையாலதான் அள்ளணும் தாயி. இடது கை பட்டா ஆட்டம் செல்லாது."

"நீங்க பொம்பள ஆட்டம் ஆடுவீகளாக்கும்?"

"செயிச்சுட்டுக் கேளு."

முதல் நாள் ஒவ்வொரு முத்தாக, பல்லைக் கடித்துக்கொண்டு போட்டாள். தோற்றாள். மறுநாளும் தோற்றாள். நான்காம் நாள்தான் அவர் முத்தைக் கைக்குள் மறைப்பதைக் கண்டுபிடித்தாள்.

"அடப்பாவி மனுசா! களவாணிப் பயலையா கவர்மெண்டு சம்பளத்துல வச்சிருக்காக?"

"கவர்மெண்டு இல்ல தாயி, தனியாரு. முடிஞ்சா பிடுங்கிக்கோ."

சத்தம் கேட்டு ஓடிவந்த டாக்டர், நோயாளி சிகிச்சையாளரின் மூடிய கையை ஒவ்வொரு விரலாகப் பிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார்.

"என்னய்யா இது? ஏமாத்துறியா?"

"ஆமாங்கய்யா. அந்தப் புள்ள விரலக் கொஞ்சம் பாருங்க."

டாக்டர் பார்த்தார். வந்த வழியே திரும்பிப் போனார். மாதக் கடைசியில் செல்லத்தாய் அந்தக் கையாலேயே சோற்றைப் பிசைந்து சாப்பிட்டாள். குழம்பில் உப்பில்லை என்று சண்டையும் போட்டாள்.

உக்கிரபாண்டி அந்த ஆஸ்பத்திரியில் ஐந்து வருஷம் வேலை பார்த்தார். தினமும் காலையில் கை வெந்தவர்களின் எதிரே உட்கார்ந்து, அவர்கள் விரல் அசையும்வரை ஆடினார்.