இடப்பக்கம் மூச்சு

எங்கள் மலையில் டிரையத்லான் நடத்தப்போகிறார்கள் என்று அறிவிப்பு ஒட்டிய அன்றே பேர் கொடுத்துவிட்டேன். ஏரியில் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான நீச்சல், தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள், கடைசியில் இருபத்தோரு கிலோமீட்டர் ஓட்டம். முழு டிரையத்லானில் இது பாதி தூரம்தானாம். ஜவ்வாது மலையில் பன்னிரண்டு வருடமாக நர்சாக இருக்கிறேன். பஸ் போகாத ஊர்களுக்குத் தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்த கால்கள் என்னுடையவை. முப்பத்தொன்பது வயதில் அவற்றுக்கு ஒரு மரியாதை செய்யலாம் என்று தோன்றியது.

முதல் வம்பு ஓட்டத்தில் வந்தது. மலையில் நர்ஸ் ஓடினால் ஒன்று பிரசவம், இல்லையென்றால் பாம்பு. விடிந்தும் விடியாமலும் நான் ஓடுவதைப் பார்த்தவர்கள், "சிஸ்டரு, யாருக்கு இன்னா ஆச்சி?" என்று கேட்டபடியே கூட ஓடி வந்தார்கள். மூன்றாவது ஊரைத் தாண்டித் திரும்பிப் பார்த்தால் பின்னால் ஆறு பேர், அதில் இரண்டு பேர் ஆளைத் தூக்கிப்போகக் கயிற்றுக் கட்டிலோடு. அன்றைக்கே ஒரு சிவப்புத் தொப்பி வாங்கினேன். தொப்பி இருந்தால் உடற்பயிற்சி, இல்லாவிட்டால் வேலை என்று ஊர் ஊராகச் சொல்லிவைத்த பிறகுதான் தனியாக ஓட முடிந்தது.

சைக்கிளிலும் சும்மா விடவில்லை. அறுவடைக் காலத்தில் கொள்ளுச் செடியைத் தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். வண்டிகள் ஏறி ஏறிக் காய் உடையும். நான் இரண்டு முறை ஏறி இறங்கியதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, "உங்க சக்கரம் ஏறி ஒரு காய்கூட ஒடையல சிஸ்டரு. வூட்டுக்காரர ஜீப்பு எடுத்துக்னு வரச் சொல்லுங்க" என்றார். என் கணவர் மலைக்கும் செங்கத்துக்கும் இடையே ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டுகிறார்.

தண்ணீரைப் பற்றி மட்டும் எனக்குக் கவலையே இருக்கவில்லை. கண்ணமங்கலத்துப் பக்கம் எங்கள் நிலத்துக் கிணற்றில், முதுகில் எண்ணெய் கேனைக் கட்டி அக்கா என்னைத் தள்ளிவிட்டபோது எனக்கு ஆறு வயது. அன்றிலிருந்து நீந்துகிறேன். பந்தயத்துக்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு நீச்சல் சோதனை உண்டு, எழுபது நிமிடத்துக்குள் கரையேறாதவர்கள் தனியாகப் போட்டியிட முடியாது, குழுவில் சேர்ந்து நீச்சலை வேறொருவருக்கு விட்டுவிட வேண்டும் என்று சொன்னார்கள். அலட்சியமாகத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை ஏரியில் இறங்கினேன். எதிர்க்கரையில் இருக்கும் புங்கமரம்தான் குறி. தலையைக் குனிந்து கை வலிக்க வலிக்க அடித்தேன். கரை தட்டியதும் நிமிர்ந்து பார்த்தால் முன்னால் என் கணவர் துண்டோடு நிற்கிறார். கிளம்பிய கரைக்கே வந்து சேர்ந்திருந்தேன்.

"இன்னா, எதுனா மறந்துட்டியா?" என்றார்.

மறுபடி போனேன், மறுபடி அதே கரை. "நேராப் போறதுக்கு இன்னா பெரிய வித்த வோணும்" என்று சட்டையைக் கழற்றிவிட்டு அவர் இறங்கினார். அவரும் எங்கள் பக்கத்து ஆள், கிணற்று நீச்சல்காரர். நடு ஏரிவரை கம்பீரமாகப் போனவர் மெல்ல வலப்பக்கம் வளைந்து, என்னிடமிருந்து இருபது அடி தள்ளி எருமைகள் கிடந்த இடத்தில் கரையேறினார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது.

காரணம் பிறகுதான் புரிந்தது. எங்கள் பக்கத்தில் கோயிலைப் போலவே கிணற்றையும் வலமாகத்தான் சுற்ற வேண்டும். மறந்துபோய் இடமாகச் சுற்றினால் மேலே நிற்பவர்கள் மண்ணாங்கட்டியை எறிவார்கள். வலமாகச் சுற்றும்போது சுவர் எப்போதும் இடக்கைப் பக்கம். அந்தப் பக்கம் தலையைத் திருப்பினால் சுவரில் மோதித் திரும்பும் தண்ணீர் மூக்கில் ஏறும். அதனால் மூச்சு வலப்பக்கம் மட்டும். முப்பது வருடம் அப்படியே நீந்திய உடம்பு, சுவரே இல்லாத ஏரியிலும் சுற்றிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் பயம் வந்தது. இரண்டு கிலோமீட்டரை நான் நான்காக நீந்தினால் எழுபது நிமிடம் எந்த மூலைக்கு? கணவர் ஜீப்பை ஏரியைச் சுற்றி ஓட்டிக்கொண்டுபோய்ப் புங்கமரத்தடியில் நிறுத்தினார். நான் நேராக வந்தால் ஒரு ஹாரன், வளைந்தால் இரண்டு. பெரும்பாலும் இரண்டுதான் கேட்டது. தூண்டில் போட வந்த ஒருவர் இரண்டாவது வாரமே, "மீனெல்லாம் இந்நேரம் எறங்கிச் செங்கத்துக்கே போய்ட்டிருக்கும் சார்" என்று சொல்லிவிட்டுத் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு போனார்.

ஹாரனால் வேலை ஆகாது, இடப்பக்கமும் மூச்செடுக்கப் பழக வேண்டும் என்று முடிவு செய்தேன். எழுதச் சொன்னால் இடக்கை என்ன செய்யுமோ அதைத்தான் என் கழுத்து செய்தது. திருப்பும்போதெல்லாம் வாய் நிறையத் தண்ணீர். ஒரு ஞாயிற்றுக்கிழமை கரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

"டீமுல சேந்து போயேன். சைக்கிளும் ஓட்டமும் நீதான பண்ணப்போற. இன்னா கொறஞ்சிபோச்சி?" என்றார் கணவர்.

"பன்னெண்டு வருஷமா எல்லாரையும் பாதி வழிதாங்க கூட்டிம்போறேன்" என்றேன். "ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டுத் திரும்பி வந்துடறேன். அப்பால அவங்களுக்கு இன்னா ஆச்சின்னு போன் பண்ணித்தான் தெரிஞ்சிக்கறேன். இது ஒண்ணாவது மொதல்லேர்ந்து கடைசிவரைக்கும் நானே போவணும்."

மறுநாளிலிருந்து அவர் செங்கத்துக்கு முதல் நடை போவதற்கு முன்பே என்னை ஏரியில் இறக்கிவிட்டார்.

சோதனை நாளில் ஆரஞ்சு மிதவைகளை ஏரியில் வட்டமாக விட்டிருந்தார்கள். சுற்று இரண்டு. மிதவைகள் இடக்கைப் பக்கமாகவே இருக்க வேண்டும் என்றார் நடத்துபவர். அதாவது இடச்சுற்று. போதாததற்கு ஹாரன் அடிக்கக் கூடாது என்றும் கணவரிடம் தனியாகச் சொன்னார்.

இறங்கினேன். உடம்பு வலப்பக்கம் இழுத்தது. இடப்பக்கம் தலையைத் திருப்பினேன். காற்று வந்தது, கூடவே ஒரு மிதவையும் தெரிந்தது. அடுத்த மூச்சில் அது இன்னும் பக்கத்தில். எங்கிருந்தாவது மண்ணாங்கட்டி வந்து விழும் என்று பாதி ஏரிவரை எதிர்பார்த்துக்கொண்டே போனேன். அதன்பிறகு சிரிப்பு வந்துவிட்டது, தண்ணீருக்குள் சிரிப்பது மிகவும் கஷ்டம். இரண்டாவது சுற்றில் கை மரத்துப்போயிருந்தது. ஆனாலும் மிதவை எப்போதும் இடப்பக்கமே இருந்தது.

அறுபத்தாறு நிமிடம். கரையில் முழங்கால் மண்ணில் பட்டதும் நீளமாக ஒரே ஒரு ஹாரன் கேட்டது. நடத்துபவர் முறைத்தார். நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாட்கள் குறைவு.

அன்று சாயங்காலம் அக்காவுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எந்தப் பக்கமா சுத்துன?" என்றாள்.

"எடப்பக்கமாக்கா. அப்டித்தான் வெச்சிருந்தாங்க."

"எத்தினி சுத்து?"

"ரெண்டு."

"சரி, ஞாயித்துக்கெழம வா. கெணத்த ரெண்டு சுத்து வலமா சுத்திட்டுப் போ. அப்பால ஓடு, சைக்கிள் வுடு, இன்னா வோணா பண்ணு."

போனேன். பழக்கதோஷத்தில் இடப்பக்கம் தலையைத் திருப்ப, சுவர்த் தண்ணீர் சுரீரென்று மூக்கில் ஏறியது. மேலிருந்து அக்கா சிரித்த சிரிப்பு கிணறு முழுக்கக் கேட்டது. "போதும், ஏறி வாடி" என்றாள். இரண்டாவது சுற்றையும் முடித்துவிட்டுத்தான் படியேறினேன்.